வாக்களிக்கப்பட்ட அரசும் வந்த அரசரும்

(பங்கின் யூபிலி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

யூபிலி என்றதும் கொடியேற்றமும், தேர்ப்பவனியும், வண்ண விளக்குகளும், இந்த விழா மலரும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவையே. ஆயினும் அச்சொல்லின் பிறப்பிடத்தைச் சற்றுத் தேடிப் பார்ப்போம். 'யோபேல்' என்னும் எபிரேயச் சொல்லுக்கு ஆட்டுக்கடாவின் கொம்பு என்பது பொருள். லேவியர் ஆகமத்தின் 25-ஆம் அதிகாரத்தின்படி, ஏழேழு நாற்பத்தொன்பது ஆண்டுகள் முடிந்து ஐம்பதாம் ஆண்டு தொடங்கும்போது நாடெங்கும் கொம்பு ஊத வேண்டும். அன்று கடனுக்காகக் கைமாறிய நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். வறுமையால் தன்னை விற்றுக்கொண்டவன் விடுதலை பெற்று வீடு திரும்ப வேண்டும். ஆண்டவராகிய இயேசு நாசரேத்துத் தொழுகைக் கூடத்தில் எழுந்து நின்று எசாயா ஆகமத்தை வாசித்தபோது, ஆண்டவரின் அருள்தரும் ஆண்டை அறிவிக்கவே தாம் அபிஷேகம் பெற்றதாகச் சொன்னார். ஆகவே யூபிலி கொண்டாடுவோர் அபிஷேகம் பெற்ற அந்த அரசரைப் பற்றியும், அவர் வாக்களித்த அரசைப் பற்றியும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். இதுவே நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

இப்பொருள் வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. விடியற்காலையில் சோற்றுப் பாத்திரத்தோடு ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் நம் பெண்மக்களும், முறத்தை மடியில் வைத்து இரவு வரை பீடி சுற்றும் தாய்மாரும், தோல் தொழிலில் கைகால் வெந்து வயதான பெரியவர்களும் ஆண்டவர் கற்பித்த செபத்தை நாள்தோறும் சொல்கிறார்கள். இறைவனின் அரசு வரவேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக வேண்டுகிறோமே, அந்த அரசு எங்கே, எப்போது வரும் என்று அவர்கள் கேட்டால் நாம் என்ன விடை சொல்வது? "செத்த பிறகு மோட்சத்தில்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடலாமா?

அரசு என்ற சொல்

முதலில் சொல்லைப் பார்ப்போம். நம் தாத்தா பாட்டிமார் அந்தச் செபத்தில் 'இராச்சியம்' என்று சொன்னார்கள். இன்று நாம் 'ஆட்சி' என்கிறோம். இம்மாற்றம் பொருள் பொதிந்தது. இராச்சியம் என்றால் எல்லைக்கல் நட்ட ஒரு நிலப்பரப்பு கண்முன் வருகிறது. ஆட்சி என்றால் ஒருவர் ஆளும் செயல் மனத்தில் எழுகிறது. நற்செய்தியின் கிரேக்கச் சொல்லிலும், அதற்கு அடிப்படையான எபிரேயச் சொல்லிலும் இந்த இரண்டாம் பொருளே ஓங்கி நிற்கிறது. இறைவன் எங்கே ஆள்கிறாரோ அங்கே அவருடைய அரசு இருக்கிறது.

நம் தமிழும் இவ்வுண்மைக்குத் துணை நிற்கிறது. 'கோ' என்றால் அரசன். 'இல்' என்றால் வீடு. அரசனின் வீடே கோவில். 'இறை' என்ற சொல் கடவுளையும் குறிக்கும், அரசனையும் குறிக்கும், அரசனுக்குக் கட்டும் வரியையும் குறிக்கும். திருக்குறளின் 39-ஆம் அதிகாரத்துக்கு 'இறைமாட்சி' என்று பெயர்; அங்கே பேசப்படுவது மண்ணாளும் மன்னனின் சிறப்பு. செங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் கொடுங்கோன்மைக்கு அடுத்த அதிகாரமும் வகுத்தவர் வள்ளுவர். அரசு என்றாலே நன்மை என்று அவர் எண்ணவில்லை. கோல் செம்மையாக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். விவிலியமும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது.

இஸ்ரயேல் கேட்ட அரசன்

இஸ்ரயேல் மக்கள் இறைவாக்கினர் சாமுவேலிடம் வந்து, மற்ற நாட்டாருக்கு இருப்பதுபோல் தங்களுக்கும் ஓர் அரசன் வேண்டும் என்றார்கள். சாமுவேல் எச்சரித்தார். அரசன் உங்கள் மைந்தர்களைத் தன் தேருக்கும் போருக்கும் எடுத்துக்கொள்வான்; உங்கள் பெண்களைத் தன் சமையலுக்கு எடுத்துக்கொள்வான்; நல்ல வயலையும் தோட்டத்தையும் தன் ஆட்களுக்குக் கொடுப்பான்; விளைச்சலில் பத்தில் ஒன்று கேட்பான்; கடைசியில் நீங்களே அவனுக்கு அடிமைகளாவீர்கள் என்றார். முதல் சாமுவேல் ஆகமத்தின் 8-ஆம் அதிகாரத்தைப் படிப்போர், 'எடுத்துக்கொள்வான்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பர். உலகத்து அரசன் எடுத்துக்கொள்பவன். இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பிறகு நமக்கு வேண்டும்.

மக்கள் கேட்கவில்லை. சவுல் அபிஷேகம் பெற்றான். அவனுக்குப் பின் பெத்லகேம் ஊர் ஆயனாகிய தாவீது தைலம் பூசப்பட்டான். தைலம் பூசப்பட்டவரை எபிரேயர் 'மெசியா' என்றார்கள். கிரேக்கர் அதையே 'கிறிஸ்து' என்றார்கள். ஆகவே நாம் 'இயேசு கிறிஸ்து' என்று சொல்லும்போதெல்லாம், அறிந்தோ அறியாமலோ, 'அரசராக அபிஷேகம் பெற்ற இயேசு' என்றுதான் சொல்கிறோம்.

தாவீது ஆண்டவருக்கு ஒரு வீடு கட்ட ஆசைப்பட்டான். நாத்தான் வழியாக வந்த பதில் அவனை வியப்பில் ஆழ்த்தியது. நீ எனக்கு வீடு கட்ட வேண்டாம். நானே உனக்கு ஒரு வீட்டை, அதாவது ஒரு வழிமரபை, எழுப்புவேன். அதன் அரியணை நிலைத்திருக்கும் என்பது அப்பதிலின் கருத்து. வாக்களிக்கப்பட்ட அரசின் வித்து இங்கே விழுந்தது. அந்த அரசன் எப்படி இருப்பான் என்பதை 72-ஆம் திருப்பாடல் வரைந்து காட்டுகிறது: ஏழைக்கு நீதி வழங்குவான், திக்கற்றவனை ஒடுக்குவோரின் கையிலிருந்து மீட்பான், எளியவனின் இரத்தத்தை விலை மதிப்புள்ளதாக எண்ணுவான்.

ஆனால் நடந்தது என்ன? கி.மு. 587-ஆம் ஆண்டில் பாபிலோனிய மன்னன் நெபுகத்நேசரின் படை எருசலேமைத் தரைமட்டமாக்கியது. கடைசி அரசன் செதேக்கியாவின் கண்முன்னே அவன் மைந்தர்களைக் கொன்று, பின் அவன் கண்களையும் பறித்தார்கள். அவனுக்கு முன் சிறைபிடிக்கப்பட்ட யோயாக்கின் அரசன் பாபிலோனில் முப்பத்தேழு ஆண்டுகள் கைதியாக இருந்து, பிறகு வெற்றி கொண்டவனின் பந்தியில் அமர்ந்து, அவன் கொடுத்த படியை வாங்கிக் காலத்தைக் கழித்தான். தாவீதின் வழிமரபு படிவாங்கிப் பிழைக்கும் நிலைக்கு வந்தது.

வேலூர்க் கோட்டை சொல்லும் பாடம்

கைதியான அரசன் எப்படி இருப்பான் என்பதை அறிய நாம் பாபிலோன் வரை போகவேண்டியதில்லை. வேலூருக்குப் பஸ் ஏறினால் போதும். அங்குள்ள கோட்டைக்குள் ஹைதர் மகால், திப்பு மகால், கண்டி மகால் என்று இன்றும் கட்டடங்கள் உள்ளன. 1799-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் ஆங்கிலக் கம்பெனியார் இக்கோட்டையில் உதவித்தொகை கொடுத்துக் காவலில் வைத்தார்கள்.

1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் விடிவதற்கு முன் கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் எழுந்தார்கள். புதுத் தலைப்பாகை அணியவேண்டும், நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்ற கட்டளைகள் அவர்களைப் புண்படுத்தியிருந்தன. மைசூர் அரசின் கொடி கோட்டையில் ஏறியது. பழைய அரசு திரும்பிவிட்டது என்ற நம்பிக்கை சில மணி நேரம் உயிரோடு இருந்தது. ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பியின் குதிரைப்படை வந்தது. அன்றைக்கே எல்லாம் அடங்கிவிட்டது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள். இளவரசர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பத்தாண்டுகளில் இன்னோர் அரசர் அதே கோட்டைக்கு வந்தார். இலங்கையின் கடைசி மன்னர், கண்டியை ஆண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர், நாயக்கர் குலத்தவர். 1815-இல் பிடிபட்டு, வேலூரில் காவலில் இருந்து, 1832-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் இறந்தார். பாலாற்றங்கரையில் அவருடைய சமாதி இருக்கிறது. யோயாக்கின் கதை நம் ஆற்றங்கரையிலேயே மறுமுறை நடந்தது என்று சொல்லலாம்.

இதைச் சொல்வதன் நோக்கம் வீழ்ந்தவர்களை எள்ளி நகைப்பதன்று. அந்நியனின் நுகத்தடியின்கீழ் இருப்போர் தங்கள் அரசு திரும்ப வேண்டும் என்று ஏங்குவது இயல்பு. கி.மு. 63-இல் உரோமைத் தளபதி பொம்பேய் எருசலேமைக் கைப்பற்றியதிலிருந்து யூத மக்களும் அப்படித்தான் ஏங்கினார்கள். தாவீதின் மகன் வருவான், உரோமையரை விரட்டுவான், கொடி மறுபடியும் ஏறும் என்று காத்திருந்தார்கள். இயேசு பிறந்தது அந்த ஏக்கத்தின் நடுவில். அவருடைய சீடர்களும் அந்த ஏக்கத்தோடுதான் அவரைப் பின்தொடர்ந்தார்கள்.

வந்தவர் எப்படிப்பட்ட அரசர்?

கீழ்த்திசை ஞானிகள் விண்மீனைக் கண்டு எருசலேமுக்கு வந்து, பிறந்திருக்கும் அரசர் எங்கே என்று கேட்டார்கள். நாம் அவர்களை 'மூன்று இராஜாக்கள்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் மத்தேயு அவர்களை அரசர் என்று அழைக்கவும் இல்லை, எண்ணிக்கை சொல்லவும் இல்லை. அந்த அதிகாரத்தில் அரசர் என்று பெயர் பெற்றோர் இருவரே: ஒருவன் அரண்மனையில் நடுங்கும் ஏரோது; மற்றவர் தாயின் மடியில் இருக்கும் குழந்தை. ஏரோது குழந்தைகளின் உயிரை எடுத்துக்கொள்கிறான். குழந்தையோ பிற்காலத்தில் தம் உயிரைக் கொடுக்கிறார்.

நம் ஊரை அடுத்த காவலூர் மலையில் வைணு பாப்பு வானாய்வுக்கூடம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அப்பெயரைச் சூட்டி 1986-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கி வைத்தார். ஜனவரி 6, திருச்சபையின் பழைய வழக்கப்படி மூன்று இராஜாக்கள் திருநாள்! தற்செயலாக அமைந்த பொருத்தமே. என்றாலும் நினைத்து மகிழத்தக்கது. விண்மீனைப் பார்த்தவர்கள் ஞானிகள். விண்மீன் காட்டிய இடத்துக்கு நடந்து போனதால்தான் அவர்கள் அரசரைக் கண்டார்கள். எருசலேமின் மறைநூல் அறிஞர்களுக்கோ ஊர்ப்பெயர் கூடத் தெரிந்திருந்தது, ஒருவரும் நடக்கவில்லை.

ஆண்டவர் ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்தபோது மக்கள் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் அரசராக்க முயன்றதாக யோவான் எழுதுகிறார். அவரோ தனியே மலைக்கு விலகிப் போனார். இதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பசித்தவனுக்குச் சோறு போடுவது அரசருக்குத் தகாது என்று அவர் எண்ணியிருந்தால் அப்பத்தையே பகிர்ந்திருக்க மாட்டார். முதலில் உணவு கொடுத்தார். கொடுத்த உணவுக்கு விலையாக மகுடத்தை வாங்க மறுத்தார். உணவைக் கொடுத்து மகுடம் வாங்குவோர் எல்லாக் காலத்திலும் உண்டு. தேர்தல் காலத்தில் அவர்களை நாம் அருகிலேயே காண்கிறோம்.

நம் வட ஆர்க்காட்டு மண்ணில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியபோது, சேத்துப்பட்டில் உழைத்த பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த தாராஸ் சுவாமியாரை நாடித் தாழ்த்தப்பட்ட மக்கள் திரளாக வந்தார்கள். 'கஞ்சிக்கு வந்தவர்கள்' என்று சிலர் ஏளனம் பேசினார்கள். பசித்தவன் கஞ்சிக்கு வருவதில் வெட்கம் என்ன? கலிலேயாவின் மலையடிவாரத்தில் அமர்ந்தவர்களும் பசித்தவர்களே. கஞ்சி முடிந்த பின்னும், மழை பெய்த பின்னும் அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விசுவாசத்தில் நிலைத்தார்களே, அதுவே ஏளனத்துக்கு விடை.

அரசர் எருசலேமுக்குள் கழுதைமேல் ஏறி வந்தார். சீடர்களின் பாதங்களைக் கழுவினார். பிலாத்துவின்முன் தம் அரசு இவ்வுலகிலிருந்து வந்ததன்று என்றார். இந்தச் சொல்லைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டு, கிறிஸ்துவின் ஆட்சிக்கு இவ்வுலகத்தோடு எத்தொடர்பும் இல்லை என்கிறார்கள். அதன் ஊற்று இவ்வுலகத்துப் படைபலம் அன்று என்பதே ஆண்டவர் சொன்னது. அப்படி இருந்திருந்தால் தம் ஆட்கள் போரிட்டிருப்பார்களே என்று அவரே விளக்குகிறார். அந்த ஆட்சி பாயவேண்டிய நிலம் இவ்வுலகமே. பாலாற்றின் ஊற்று கர்நாடகத்து நந்தி மலையில் இருக்கிறது. அதனால் அது நம் ஆறு இல்லை என்று ஆகிவிடுமா?

கடைசியில் எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என மூன்று மொழிகளில் 'அரசர்' என்று எழுதிச் சிலுவையில் அறைந்தார்கள். அறைந்தவர்கள் கேலியாக எழுதினார்கள். திருச்சபையோ அதை உண்மை என்று வாசிக்கிறது.

"எப்போது?" என்ற கேள்வி

உயிர்த்த ஆண்டவரிடம் சீடர்கள் கேட்ட கடைசிக் கேள்வியும் இதுவே: இஸ்ரயேலுக்கு அரசைத் திருப்பித் தரும் காலம் இதுதானோ என்றார்கள். காலத்தையும் நேரத்தையும் அறிவது உங்கள் வேலை அன்று. தூய ஆவியின் வல்லமை பெற்று உலகின் கடையெல்லை வரை சாட்சிகளாய் இருப்பதே உங்கள் வேலை என்று அவர் மறுமொழி சொன்னார்.

இம்மறுமொழியை மறந்து நாள் குறித்தவர்கள் பலர். அண்டை நாடாகிய திருவிதாங்கூரில், தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவராகிக் குருவான யுஸ்துஸ் யோசேப்பு என்பவர் இருந்தார். வித்வான்குட்டி என்று மக்கள் அழைத்தனர். புலமை மிக்கவர், பக்திப் பாடல் இயற்றியவர். 1875-ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த பக்தி எழுச்சியில் அவர் 1881-ஆம் ஆண்டில் ஆண்டவர் திரும்பி வருவார் என்று அறிவித்தார். மக்கள் நம்பிக் காத்திருந்தார்கள். 1881 வந்தது, போயிற்று. அவர்களுடைய ஆவலை நாம் பழிக்கவில்லை. ஆண்டவரின் வருகையை அவ்வளவு ஆசையோடு நாம் எதிர்பார்க்கிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் நாள் குறித்தவன் அந்த நாளுக்குப் பிறகு எதைப் பற்றிக்கொள்வான்?

திருவெளிப்பாட்டின் 20-ஆம் அதிகாரத்தில் வரும் ஆயிரம் ஆண்டு ஆட்சியையும் இங்கே சொல்ல வேண்டும். பழங்காலத்தில் இரனேயு போன்ற புனிதர்கள் கூட அதை மண்ணுலகில் வரப்போகும் ஓர் அரசாக எதிர்பார்த்தார்கள். புனித அகுஸ்தீனார் 'கடவுளின் நகரம்' என்னும் நூலில் அதைக் கிறிஸ்துவின் முதல் வருகைக்கும் இரண்டாம் வருகைக்கும் இடைப்பட்ட திருச்சபையின் காலமாக விளக்கினார். திருச்சபை அவ்வழியே நின்றது. கிறிஸ்து கண்காண வந்து இம்மண்ணில் ஆயிரம் ஆண்டு ஆள்வார் என்பதைப் பாதுகாப்பான போதனையாகக் கொள்ள முடியாது என்று 1944-இல் உரோமை அறிவித்தது. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும், வரலாற்றுக்குள்ளேயே மெசியாவின் அரசை முழுமையாக்கிவிடலாம் என்னும் எண்ணத்தை ஏற்க மறுக்கிறது. எந்தக் கட்சியும், எந்த ஆட்சியும், எந்தத் தலைவரும் 'நானே அந்த அரசு' என்று சொல்லிக்கொள்ள இடம் இல்லை. திருச்சபையின் அதிகாரிகளும் அவ்வாறு சொல்லிக்கொள்ள இயலாது.

அப்படியானால் அரசு வந்துவிட்டதா, இனிமேல்தானா? வந்துவிட்டது, நிறைவு பெறவில்லை. நம் தொழிலிலிருந்தே ஓர் உவமை சொல்வோம். பச்சைத்தோலை உப்பிட்டு, ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இறக்கி, மயிரும் சதையும் நீக்கி, அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை ஊறிய நீரில் நாள்கணக்கில் கிடத்துவார்கள். குழிக்குள் கிடக்கும் தோலை என்னவென்று சொல்வது? அது இனிப் பச்சைத்தோல் அன்று, அழுகாது. ஆனால் கடைக்கு அனுப்பத்தக்க தோலாகவும் ஆகவில்லை. பட்டைச்சாறு இருபுறமும் நுழைந்து உள்நடு வரை எட்ட வேண்டும். அனுபவம் உள்ள மேஸ்திரி ஓரத்தை வெட்டிப் பார்த்து, நடுவில் வெள்ளைக் கோடு இருந்தால் மறுபடியும் குழியில் இறக்குவார். மாவில் மறைந்த புளிப்பை ஆண்டவர் உவமையாகச் சொன்னார். நம் தோலும் அதே செய்தியைத்தான் சொல்கிறது. கிறிஸ்துவின் ஆட்சி உலகத்துக்குள் இறங்கிவிட்டது. நடுவில் இன்னும் வெள்ளைக் கோடு இருக்கிறது.

தோல் பதனிடுபவரின் வீடு

தோல் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கத்து மக்கள் இதைப் பொன்னெழுத்தில் பொறித்து வைக்கலாம். அப்போஸ்தலர் பணியின் 9, 10-ஆம் அதிகாரங்களின்படி, பேதுரு யோப்பா நகரில் பல நாள் தங்கியது தோல் பதனிடும் சீமோன் என்பவர் வீட்டில். செத்த விலங்கைத் தொடுவதால் தீட்டு என்ற சட்டத்தின்கீழ் அத்தொழிலை யூதர் இழிவாக எண்ணினர். சீமோனின் வீடு கடற்கரையோரம் இருந்தது.

அந்த வீட்டு மாடியில் நண்பகலில் செபித்துக்கொண்டிருந்தபோதுதான் பேதுருவுக்குக் காட்சி கிடைத்தது. கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டு என்று சொல்லாதே என்ற குரலைக் கேட்டார். உடனே செசரியாவிலிருந்து உரோமை நூற்றுவர் தலைவன் கொர்னேலியுவின் ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். வேற்றினத்தார்க்குத் திருமுழுக்கு கிடைத்தது. அந்த வழியாகவே நமக்கும் கிடைத்தது. சீடர்கள் கேட்டது இஸ்ரயேலுக்கு மட்டுமான ஓர் அரசு. இறைவன் அதைச் சகல மக்களுக்கும் திறந்துவிட்டார். அந்தக் கதவு எருசலேம் அரண்மனையில் திறக்கவில்லை, ஆலயத்தில் திறக்கவில்லை, தோல்நாற்றம் வீசிய ஒரு தொழிலாளியின் மாடியில் திறந்தது.

இதைக் கேட்டு மகிழும் நாம் ஒரு கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும். நம் நாட்டுத் திருச்சபையில் சாதியின் பெயரால் பிரித்த கல்லறைகளும், பிரித்த தெருப் பவனிகளும் இருந்ததும் சில இடங்களில் இன்னும் இருப்பதும் எல்லார்க்கும் தெரிந்ததே. 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை பெரும்பாவம் என்பதை மறைக்காமல் எடுத்துரைத்தது. ஒரே பாத்திரத்திலிருந்து நற்கருணை வாங்கிய இருவர், வீட்டில் ஒரே பாத்திரத்தில் தண்ணீர் குடிக்கத் தயங்கினால், தோலின் நடுவில் உள்ள வெள்ளைக் கோடு அதுவே.

கிறிஸ்து அரசர் திருநாள்

இத்திருநாள் பழமையானது என்று பலர் எண்ணுகிறார்கள். பதினொன்றாம் பத்திநாதர் 1925-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் எழுதிய சுற்றுமடலால் இது ஏற்பட்டது. அவ்வாண்டு புனித யூபிலி ஆண்டு. நிசேயா பொதுச்சங்கத்தின் 1600-ஆம் ஆண்டு நிறைவும் கூட. முதல் உலகப்போரில் செருமனி, ஆஸ்திரியா, உருசியா, துருக்கி ஆகிய பேரரசுகள் சரிந்திருந்தன. அந்த வெற்றிடத்தில் புதுத் தலைவர்கள் தங்களையே மக்களின் மீட்பர்களாகக் காட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தனர். இத்தாலியில் முசோலினி அதிகாரத்தில் இருந்தார். மனச்சான்றின் அரியணையில் எந்த மனிதனும் அமரக் கூடாது. அந்த இடம் கிறிஸ்துவுக்கு உரியது என்று திருத்தந்தை அறிவித்தார். இரண்டே ஆண்டுகளில், 1927 நவம்பர் 23-ஆம் நாள், மெக்சிகோவில் மிகுவேல் புரோ என்ற சேசுசபைக் குரு, கைகளைச் சிலுவையாக விரித்து, கிறிஸ்து அரசரை வாழ்த்தியவாறே துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையானார்.

முதலில் அக்டோபர் கடைசி ஞாயிறாக இருந்த இத்திருநாளை 1969-ஆம் ஆண்டுத் திருவழிபாட்டுச் சீர்திருத்தம் வழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறுக்கு மாற்றியது. அன்று வாசிக்கும் நற்செய்திகளைக் கவனியுங்கள். முதல் ஆண்டில் மத்தேயு: பசித்தோர், தாகமுற்றோர், நோயுற்றோர், சிறையிலிருப்போர் ஆகியோருக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக ஏற்கும் அரசர். இரண்டாம் ஆண்டில் யோவான்: கைதியாக நின்று உண்மைக்குச் சான்று பகரும் அரசர். மூன்றாம் ஆண்டில் லூக்கா: சிலுவையில் தொங்கியபடியே பக்கத்துக் கள்வனுக்குப் பேரின்ப வீட்டைத் திறந்துவிடும் அரசர். மூன்றில் எதிலும் வாள் இல்லை, தேர் இல்லை. இவர் எடுத்துக்கொள்பவர் அல்லர், கொடுப்பவர். சாமுவேல் எச்சரித்த அரசனுக்கும் இவருக்கும் உள்ள தொலைவு இதுதான்.

நம் பங்கு என்ன?

திருமுழுக்கு நாளில் நம் உச்சந்தலையில் கிறிஸ்மா தைலம் பூசினார்கள். பெரிய வியாழனையொட்டி ஆயர் அர்ச்சிக்கும் அதே தைலம். குரு, இறைவாக்கினர், அரசர் என்னும் கிறிஸ்துவின் மும்முகப் பணியில் பங்கு கொடுப்பதற்காகப் பூசப்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கை விளக்கத்தில், உலகின் அமைப்புகள் பாவத்துக்குத் தூண்டுமாயின் அவற்றைச் சீர்படுத்துவது பொதுநிலையினரின் அரச கடமை என்கிறது. அரசர் என்றால் ஆணையிடுவது நம் எண்ணம். கிறிஸ்துவின் வழக்கில் பொறுப்பேற்பதே அரசுரிமை.

நம் பகுதியில் பொறுப்பேற்க வேண்டியவை கண்முன்னே கிடக்கின்றன. பாலாற்றைப் பாருங்கள். தோல் கழிவால் நிலத்தடி நீரும் வயலும் கெட்டதைக் குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை நாடு முழுவதற்கும் நிலைநாட்டியது. தொழிலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். இரண்டையும் காக்க வழி தேடுவது இறையாட்சியின் வேலை. தொழிலாளியாக இருப்பவரும், முதலாளியாக இருப்பவரும், அலுவலராக இருப்பவரும் ஞாயிறு பூசையில் ஒரே செபத்தைச் சொல்கிறார்கள் அல்லவா?

சவ்வாது மலையைப் பாருங்கள். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றதாகச் சொல்லப்பட்ட இருபது தமிழர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் நம் மலைப்பகுதியின் ஏழைகளும் உண்டு. எளியவனின் இரத்தத்தை விலை மதிப்புள்ளதாக எண்ணும் அரசரைப் பாடும் நாம், வேலையின்றி இடைத்தரகரின் முன்பணத்துக்குச் சிக்கும் இளைஞனுக்கு என்ன வழி காட்டினோம்? கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. முன்பணம் என்னும் கயிறு வீட்டு வாசலில் தொங்குகிறது. யூபிலிக் கொம்பு ஊதவேண்டிய இடம் அதுவே.

ஆகவே யூபிலி நினைவாகச் சிலவற்றைப் பங்குப் பேரவையின் முன் வைக்கிறோம். கடன் சிக்கலில் உள்ள ஒரு சில குடும்பங்களையாவது இந்த ஆண்டுக்குள் மீட்க, அன்பியங்கள் சேர்ந்து ஒரு நிதி தொடங்கட்டும். மலைக் கிராமத்துப் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்காதபடி கவனிக்க வின்சென்ட் தே பால் சபையாரும் இளைஞரும் பொறுப்பேற்கட்டும். திருவிழாவில் தேர் வடம் பிடிக்கும் கைகளில், கல்லறைத் தோட்டத்தின் குழிகளில், பேரவையின் இருக்கைகளில் எந்தப் பாகுபாடும் இல்லை என்று எவரும் வந்து பார்த்துச் சொல்லும்படி நம் பங்கு விளங்கட்டும்.

இவை யாவும் செய்தாலும் அரசு நிறைவாக வந்துவிடாது. அதை நிறைவாக்குபவர் வரப்போகும் ஆண்டவர் ஒருவரே. அவருடைய ஆட்சிக்கு முடிவு இராது என்னும் விசுவாச அறிக்கையின் கூற்று 381-இல் கான்ஸ்தாந்திநோபிள் சங்கத்தின் வழியாக நமக்கு வந்தது. ஞாயிறுதோறும் அதைச் சொல்கிறோம். வேலூர்க் கோட்டையில் ஏறிய கொடிகள் எத்தனையோ இறங்கிவிட்டன. சிலுவையில் எழுதிய பட்டம் மட்டும் இறங்கவில்லை. அந்த அரசரின் வீட்டுக்கு, இந்தக் கோவிலுக்கு, நாம் வந்து போகும் ஒவ்வொரு முறையும் அவருடைய ஆட்சியில் சிறிதளவேனும் நம் தெருவுக்கு எடுத்துச் செல்வோம். வயல்வெளியிலும், கம்பெனியிலும், பீடி முறத்தின் பக்கத்திலும் அவர் ஆளட்டும்.

யூபிலி காணும் நம் பங்குக் குடும்பம் அனைத்துக்கும் ஆண்டவரின் ஆசீர் நிறைவாகக் கிடைப்பதாக. வாழ்க கிறிஸ்து அரசர்!